குடிகாரன், பைத்தியம், கான்ட்ராக்ட் கூலி

சேரிக்காரன் வேலைக்குப் போகவில்லை என்றால் சோம்பேறி. போய்க்கொண்டிருந்தவன் இரண்டு நாள் வரவில்லை என்றால் குடிகாரன். நாலு நாள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் பைத்தியம். இந்த மூன்று பட்டத்தையும் கொடுக்கிறவன் கூலி கொடுக்கிறவன்தான். அதிலே ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் கொடுத்த பட்டத்தை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து நம் வீட்டுக்குள்ளும் சங்கத்துக்குள்ளும் செயற்குழுவுக்குள்ளும் மாட்டி வைத்திருக்கிறோமே, அதைப்பற்றித்தான் தோழர்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

காலை ஐந்தரை மணிக்குக் கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். தையூர், படூர், புதுப்பாக்கம் சேரிகளிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் வருகிற ஆட்கள். சென்னை நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் பிடுங்கி, 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வரிசையாகக் கொட்டப்பட்ட அடுக்குமாடிகளிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருகிற ஆட்கள். கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. சிறுசேரி சிப்காட்டின் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்க, காலேஜ் ஹாஸ்டல்களில் கக்கூஸ் கழுவ, ஆஸ்பத்திரியில் ரத்தத்துணி அள்ள, கேட்டில் நின்று சல்யூட் அடிக்க. மலம் அள்ளுகிற வேலைக்கு 'ஹவுஸ்கீப்பிங்' என்று இங்கிலீஷில் பேர் வைத்ததைத் தவிர, சாதிக்கு இந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்த வேனில் ஏறுகிற நாற்பது பேரில் எத்தனை பேர் ராத்திரி தூங்கினார்கள், எத்தனை பேர் கை நடுக்கத்தை நிறுத்த ஒரு கட்டிங் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், எத்தனை பேர் காதில் யாரோ திட்டுவது கேட்டுக்கொண்டே துடைப்பம் பிடிக்கிறார்கள் என்று எந்த ரிஜிஸ்டரிலும் எழுதுவதில்லை. பிரசென்ட், ஆப்சென்ட், இரண்டே கட்டம்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். செப்டிக் டேங்க் லாரியில் வேலை பார்த்தான். கூட இறங்கினவன் உள்ளேயே விழுந்துவிட்டான். இவனைக் கயிறு போட்டு மேலே இழுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மூடின அறையில் இவனால் படுக்க முடியவில்லை. மூக்கில் அந்த வாடை வந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். முன்பு வேலைக்கு இறங்கும்போது மட்டும் குடித்தவன், இப்போது படுப்பதற்கும் குடித்தான். ஒரு மாதத்தில் ஏழு நாள் ஆப்சென்ட்.

சூப்பர்வைசர் சொன்னார்: "குடிச்சிட்டு வர்ற ஆளை வெச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது? நாளைலேருந்து வராதே."

இவன் கேட்டான்: "குடிக்காம எப்படி சார் உள்ள இறங்கறது?"

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் எந்த ஆட்சியும் பதில் சொன்னதில்லை. நம் இயக்கங்களும் சொன்னதில்லை. சாக்கடைத் தொழிலில் சாராயம் என்பது கடப்பாரை, கயிறு, வாளி மாதிரி ஒரு கருவி. மூக்கை மரக்கடிக்க, மனசை மரக்கடிக்க. கருவியைக் கையில் கொடுத்தவனே பிறகு 'இவன் குடிகாரன்' என்று சீட்டைக் கிழிக்கிறான். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017-இல் வந்தபோது பார்த்துவிட்டு அழுத தோழர்கள் பலர். அந்தப் படத்தில் வருகிற மாதிரி ஒரு மனிதர் நம்முடைய கூட்டத்துக்கு வாடையோடு வந்து உட்கார்ந்தால் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிறவர்களும் அவர்களில் உண்டு.

செத்தால் ஒரு விலை இருக்கிறது. 2013-இல் கையால் மலம் அள்ளத் தடைச் சட்டம் வந்தது. 2014 மார்ச் 27-இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் 1993-க்குப் பிறகு செத்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபர் 20-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தூய்மைப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையம் தொகுத்த சாவுக் கணக்கில் தமிழ்நாடுதான் முதல் இடத்தில் இருந்து வந்திருக்கிறது, சமூகநீதி மண்! கள்ளச்சாராயச் சாவுக்கும் விலை உண்டு. 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேல். தலைக்குப் பத்து லட்சம் அறிவித்தார்கள். சரி, கொடுக்கட்டும். ஆனால் கயிறு கட்டி மேலே இழுக்கப்பட்டவனுக்கு என்ன? கண் பார்வை மங்கிப்போய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினவனுக்குத் திங்கட்கிழமை காலையில் எந்த வேலை? செத்தவனுக்கு ரேட் போட்டிருக்கிற அரசு, பிழைத்தவனின் தூக்கத்துக்கு ஒன்றும் போடவில்லை. 2013 சட்டத்தின் கீழ் மறுவாழ்வு என்று கொடுத்தது ஒரே தவணையாக 40,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு கடன் அடைக்கலாம். தூக்கத்தில் அலறி எழுந்திருப்பதை அடைக்க முடியாது.

இங்கேதான் 'காயம் அறிந்த வேலை ஆதரவு' என்று வெளிநாடுகளில் பேசப்படுகிற ஒரு சங்கதியை நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது. மனசு உடைந்தவர்கள், போதையில் மாட்டியவர்கள் இவர்களைக் குணமாக்கிவிட்டுப் பிறகு வேலைக்கு அனுப்புவது என்பது பழைய முறை. அதில் குணமாகிற நாள் வரவே வராது. ஊதுபத்தி உருட்டு, மெழுகுவத்தி செய், கவர் ஒட்டு என்று பத்து வருஷம் 'பயிற்சி' நடக்கும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் 1990-களில் டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் என்ற இருவர் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். முதலில் வேலை, பிறகு பயிற்சி. வேலைக்குப் போக விரும்புகிறேன் என்று சொல்வது ஒன்றே தகுதி. நோய் எவ்வளவு, குடி எவ்வளவு என்று கேட்டு யாரையும் தள்ளுவதில்லை. அவர் கேட்கிற வேலையை, வெளியுலகத்தில் எல்லாரும் பார்க்கிற கூலி உள்ள வேலையை, சீக்கிரமாகத் தேடிக்கொடுப்பது. கொடுத்துவிட்டுக் கை கழுவாமல், வேலையில் இருக்கும்வரை கூடவே ஒரு ஆள் நிற்பது. டாக்டரும் அந்த ஆளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது. பிறகு பல நாடுகளில் சோதித்துப் பார்த்ததில், பழைய முறையில் வேலை கிடைத்தவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குப் பேருக்கு இந்த முறையில் வேலை கிடைத்திருக்கிறது.

'காயம் அறிந்த' என்ற அடைமொழி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. வன்முறைக்கு ஆளான பெண்கள், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் இவர்களோடு வேலை செய்தவர்கள் கண்டுகொண்ட விஷயம் அது. ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதினார். 2001-இல் மாக்சின் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் என்ற இருவர், ஆஸ்பத்திரி, விடுதி, ஆபீஸ் இவற்றின் நடைமுறையையே இதற்கேற்ப மாற்ற வேண்டும் என்று எடுத்துச் சொன்னார்கள். சாரம் எளிமையானது. 'உனக்கு என்ன கோளாறு' என்று கேட்காதே. 'உனக்கு என்ன நடந்தது' என்று கேள். கேட்டுவிட்டு, மறுபடியும் அதையே அவருக்கு நடத்தாதே.

நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியில் இருக்கிற இறந்தகாலத்தைக் கவனியுங்கள். 'என்ன நடந்தது?' விபத்து நடந்தது, போர் நடந்தது, முடிந்தது. இப்போது பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். சாதிக்கு இறந்தகாலம் இருக்கிறதா? சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற ஹவுஸ்கீப்பிங் பெண்ணின் பையைத் திறந்து, சோத்து டப்பாவைத் திறந்து, இடுப்பைத் தடவிப் பார்த்து அனுப்புகிறார்கள். கம்ப்யூட்டர் தட்டுகிற பெண்ணுக்கு ஒரு அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கிறது. ஊரில் 'திருட்டு சாதி' என்று பேச்சு வாங்கியே வளர்ந்த பெண்ணுக்கு அந்தக் கை ஒவ்வொரு சாயங்காலமும் இடுப்பில் படும்போது என்ன ஆகும்? மத்தியானம் எங்கே சாப்பிடுகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே, பேஸ்மென்ட்டில், கக்கூஸ் சாமான் வைக்கிற அறையில். கேன்டீனில் தடை என்று எழுதிப் போட்டிருக்க மாட்டார்கள். எழுதத் தேவையில்லாத இடத்தில்தான் சாதி நன்றாக வேலை செய்கிறது. ஆகவே காயம் அறிந்த ஆதரவு என்று அமெரிக்காக்காரன் சொன்னதை நாம் அப்படியே இறக்குமதி செய்தால் போதாது. இங்கே காயம் என்பது வேலைக்கு வெளியே பட்டது, வேலை என்பது மருந்து என்று பிரிக்க முடியாது. வேலையே காயம் படுகிற இடம்.

சில தோழர்கள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள். மனநலம் பணக்காரன் வியாதி தோழர், நமக்குப் பிரச்சினை நிலம், கூலி, அதிகாரம் என்பார்கள். அவர்களைத் திருப்போரூருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நம் பக்கத்து ஊர். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்கிற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் நீண்ட காலமாக வேலை செய்திருக்கிறது. மனச்சிதைவு நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிற முறையை மூன்று இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள்: கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, மூன்றாவது இந்தத் திருப்போரூர். 282 பேர். 2014-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. வீட்டுக்குப் போனவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண உள்ளூர்ப் பணியாளர்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்த்தார்கள், குடும்பத்தோடு பேசினார்கள், அரசு உதவித்தொகைக்கு வழி காட்டினார்கள், அவரை மறுபடி ஏதாவது வேலையில் நிற்கவைக்க முயன்றார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் பலன் சுமார்தான், செலவும் கூட ஆனது. ஆனால் தெளிவாகப் பலன் தெரிந்த இடம் தமிழ்நாட்டுக் கிராமப்பகுதி. டாக்டரும் ஆஸ்பத்திரியும் எட்டாத இடத்தில் வீடு தேடி வந்த ஒரு மனுஷி பெரிய மருந்தாக இருந்திருக்கிறாள் என்று நான் புரிந்துகொள்கிறேன். இதை நகரத்துப் பணக்காரன் வியாதி என்று எப்படிச் சொல்வீர்கள்?

அதே நிறுவனத்தின் டாக்டர் தாராவும் மற்றவர்களும் 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் 90 மனச்சிதைவு நோயாளிகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆண்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். பணக்கார நாடுகளில் இந்த நோய் வந்தால் வேலையில் நிலைக்கிறவர் சிறுபான்மை. உலக ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்தது. இந்தியக் குடும்பப் பாசம், கூட்டுக்குடும்பம் என்று நிறையப் பேர் இதற்குப் பாட்டுப் பாடினார்கள். எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. இங்கே பென்ஷன் கிடையாது, வேலை செய்யாவிட்டால் சோறு கிடையாது. அதோடு, அந்தக் காலத்து வேலை கொஞ்சம் வளைந்து கொடுத்தது. மாமா பெட்டிக்கடையில் உட்காரலாம். மாட்டை ஓட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விட்டால் யாரோடும் பேச வேண்டாம். உப்பளத்தில் விடிகாலையில் உப்பு வாரிவிட்டு வெயில் ஏறும்போது ஓரமாகப் படுத்துக்கொள்ளலாம். காதில் குரல் கேட்கிற ஆளுக்கு இவை தோதான வேலைகள்.

உடனே 'பழைய கிராமம் பொற்காலம்' என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வளைந்து கொடுத்தது சொந்த நிலத்துக்காரனுக்கு, சொந்தக் கடைக்காரனுக்கு. படியாளாக இருந்தவனுக்குப் பைத்தியம் பிடித்தாலும் நுகத்தடி நுகத்தடிதான். அடி கொஞ்சம் கூட விழும். இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர் நிலைமையைப்பற்றி அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892-இல் நமக்கென்று நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று தமிழ்நாடு முழுக்க 12 லட்சம் ஏக்கர் கணக்குச் சொல்கிறோம். அதில் நம் கையில் எவ்வளவு? காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி, 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். நிலமீட்புப் போராட்டத்தையும் மனநலத்தையும் எதிரெதிராக நிறுத்துகிற தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். அரை ஏக்கர் சொந்தமாக இருக்கிற குடும்பத்தில் ஒருத்தனுக்கு மனசு சரியில்லாமல் போனால் அவன் மத்தியானம் மரத்தடியில் படுத்துவிட்டு நாலு மணிக்கு மறுபடி மண்வெட்டி எடுப்பான். நிலமில்லாதவன் வேன் ஏற வேண்டும். ஐந்தரைக்கு வேன். ராத்திரி சாப்பிட்ட மாத்திரையின் மயக்கம் எட்டு மணி வரைக்கும் இருக்கும், ஐந்தரை வேனைப் பிடிக்க மாத்திரையை நிறுத்துவான், நிறுத்தினால் மூன்று மாதத்தில் நோய் திரும்பும், வேலை போகும். எட்டு மணி ஷிப்ட் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினை இது. பழைய மகாபலிபுரம் சாலையில் நிலத்தின் விலை ஏறிப்போனதில் மாடும் ஏரியும் உப்பளமும் போய், வளையாத வேலை மட்டும் மிச்சம்.

வளைத்துக் காட்ட முடியும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் 1993-இல் சென்னையில் தொடங்கிய 'பான்யன்' அமைப்பு, தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களைக் கூட்டிவந்து பார்த்துக்கொண்டது. பிறகு நம் கோவளத்துக்கும் வந்தது. 2015-இலிருந்து 'மீண்டும் வீடு' என்று பொருள்படுகிற பேரில் ஒரு காரியம் செய்கிறார்கள். வருஷக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களில் நாலைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடியிருப்பது. கூட ஒரு உதவியாள். முடிந்தவர்கள் பக்கத்திலேயே வேலைக்குப் போவது. குணமான பிறகு வீடு என்று காத்திருக்காமல், வீட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் வாழ்ந்து காட்டுகிறார்கள். நடத்துகிறவர்கள் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று நாம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளைக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் ஒரு கேள்வி நம் பக்கமும் திரும்பும். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்தார்களே, அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நம் இயக்கம் எதுவாவது ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு தோழரையாவது இப்படி வைத்துப் பார்த்ததா?

சட்டம் என்ன சொல்கிறது? கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் ஒரு சதவீதத்தை மனநோயாளிகள் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடும் இன்னும் சிலரோடும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு டாக்டர் மார்க் போடுகிற விஷயங்களில் ஒன்று, 'வேலை செய்ய முடிகிறதா' என்பது! வேலை செய்ய முடியாது என்று நிரூபித்து வாங்கின அட்டையைக் காட்டி வேலை கேட்க வேண்டும். பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. 2021 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரி ஒருவரின் வழக்கில் இதை மனநோய்க்கும் பொருத்திச் சொன்னது: மனநோய் அந்த நடத்தைக்கு ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே அந்த நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாடாகும். அருமையான தீர்ப்பு. ஆனால் 20-ஆவது பிரிவின் அந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனத்துக்கு மட்டும். வேனில் ஏறுகிற நாற்பது பேருக்குக் கான்ட்ராக்டர்தான் சர்க்கார்.

குடிக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலும் போதையாலும் வருகிற மனநிலைகளை நோய் என்றே எழுதியிருக்கிறது. 2016 சட்டத்தின் விளக்கத்தில் குடி என்ற பேச்சே இல்லை. வைத்தியம் பார்க்க நீ நோயாளி; வேலை கேட்டால் நீ குடிகாரன். டாஸ்மாக் 2003 நவம்பரிலிருந்து அரசே சில்லறைக்கு விற்கிற கடை. 2023-24-இல் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் நம் சேரிகளின் பங்கு எவ்வளவு என்று வெள்ளை அறிக்கை கேட்கலாம். கடையை மூடு என்கிற தோழர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மூடுகிற நாள்வரைக்கும், மூடின மறுநாளும், கை நடுங்குகிற மனிதன் ஒருத்தன் இருக்கிறானே, அவன் கூலிக்கு என்ன வழி என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், உயிர்ப் பிரச்சினை என்பதால். பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவரை 'நாளையிலிருந்து தொடக்கூடாது' என்று சத்தியம் வாங்கி அறையில் போட்டுப் பூட்டக்கூடாது. நிறுத்தின முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள், நாலாம் நாள் புத்தி பேதலித்துச் சாவு வரைக்கும் போகலாம். அதற்கு மருந்து இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கொடுப்பார்கள். தனியார் 'மறுவாழ்வு இல்லம்' என்று கொண்டுபோய் விடுகிறவர்கள் 2017 சட்டத்தின் 20-ஆவது பிரிவைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே சேர்க்கப்பட்டவரை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தக்கூடாது. வேலை செய்தால் கூலி கொடுக்க வேண்டும். 'தெரபி' என்ற பேரில் துடைப்பத்தைக் கொடுக்கிற இடங்களில், கக்கூஸ் கழுவும் முறை யாருக்கு அடிக்கடி வருகிறது என்று பார்த்து வரச் சொல்லி மாணவர் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நல்ல ஆய்வேடு அதில் இருக்கிறது.

'முதலில் வேலை' என்கிற அந்த அமெரிக்க முறையிலும் நமக்கு ஒரு பொறி இருக்கிறது. எந்த வேலை? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரெட்டியார் வீட்டுப் பையனுக்குக் கடையில் கணக்கு எழுத இடம் கிடைக்கும். நம் பையனுக்கு 'உங்களுக்கு ஏத்தது' என்று அதே சாக்கடை லாரிதான் கிடைக்கும். அந்த வாடையில்தான் அவனுக்கு நோயே தொடங்கியது. மறுபடி அங்கேயே ஏற்றினால் ஒரு மாதத்தில் பாட்டில். அவர் கேட்கிற வேலை என்று அந்த முறையில் ஒரு விதி இருக்கிறதே, அந்த ஒரு விதிதான் நமக்கு அரசியல். உழைக்கிறவர்களையே மேலும் கீழுமாக அடுக்கி வைப்பதுதான் சாதி என்று அம்பேத்கர் 1936-இலேயே விளக்கிவிட்டார். அந்த அடுக்கிலிருந்து இறங்கி வேறு வேலைக்குப் போகிற உரிமையைச் சேர்க்காமல் மறுவாழ்வு என்று பேசினால், அது பழைய படிக்கே ஆள் சப்ளை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியிலிருந்து அமலுக்கு வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் வழக்கு நடக்கும் காலத்தில் சமூகப் பொருளாதார மறுவாழ்வு தரச் சொல்கிறது. வன்கொடுமை வழக்கு நடத்துகிற நம் வக்கீல் தோழர்கள் எத்தனை பேர் அந்தப் பிரிவின் கீழ் வேலையும் மனநல உதவியும் சேர்த்துக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள்? நிவாரணத் தொகை வந்ததா, முதல் தகவல் அறிக்கையில் சரியான பிரிவு போட்டானா என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். சாட்சி சொல்ல வேண்டிய பெண் மூன்று வருஷம் தூக்கமில்லாமல் கிடந்து, கடைசியில் கோர்ட்டில் பிறழ்ந்து பேசினால் 'விலை போயிட்டாங்க' என்கிறோம்.

இயக்கத்துக்குள்ளே என்ன நடக்கிறது? குடிக்கிற தோழரை மேடையில் வைத்துத் திட்டி வெளியேற்றுவோம். அல்லது அவரோடு சேர்ந்து குடிப்போம். நடுவில் ஒரு வழி நமக்குத் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் அடிவாங்கித் திரும்பின பையன் ஆறு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராவிட்டால் 'பயந்துட்டான்' என்று முத்திரை. நியூயார்க்கில் 1940-களில் மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த ஒரு கூட்டம், வேறு யாருக்காகவும் காத்திருக்காமல் தாங்களே கூடிக்கொண்டது. 1948-இல் அதற்கு ஒரு வீடும் கிடைத்தது, 'பவுண்டன் ஹவுஸ்' என்று. அங்கே வருகிறவர் நோயாளி இல்லை, உறுப்பினர். சமையலும் கணக்கும் அவர்களே. வெளியே கம்பெனியில் ஒரு வேலையை வீடு பேசி வாங்கும். ஒருவர் ஒருநாள் போக முடியாவிட்டால் வீட்டிலிருந்து இன்னொருவர் போய் அந்த வேலையைச் செய்து இடத்தைக் காப்பாற்றுவார். இது ஏதோ புது ஞானம் மாதிரி படுகிறதா? நம் சேரிப் பெண்கள் நடவுக்குப் போகும்போது இதைத்தான் செய்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் நிரையை மற்றவர்கள் சேர்த்து நட்டுக் கூலியை வாங்கிக் கொடுப்பார்கள். ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் அதைச் செய்யவிடாமல் பண்ணுவது விரல் ரேகை மிஷின்.

குடிநோயாளிகள் தாங்களே கூடி நடத்துகிற பெயர் சொல்லாச் சங்கம் 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது; நம் ஊரிலும் கூட்டங்கள் நடக்கின்றன, பலர் பிழைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தேகம். காலனியில் யாருக்கு யார் பெயர் தெரியாது? அங்கே பெயரை மறைத்துப் பிழைக்க முடியாது. பெயரைச் சொல்லியே, நம்ம ஆளு என்று சொல்லியே நிற்க வேண்டியிருக்கும். அதற்குச் சங்கம்தான் சரியான இடம்.

கேளம்பாக்கத்தில் உடனடியாகச் செய்ய முடிந்தவை இருக்கின்றன. கூலியில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று ஒவ்வொருவரிடமும் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு வருஷம் வேலையில் இருந்து பணம் கட்டியவருக்கு நீண்டகால நோய் வந்தால் 80 சதவீதக் கூலியோடு இரண்டு வருஷம் வரைக்கும் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி உண்டு. மனச்சிதைவு மாதிரியான மனநோய்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. கான்ட்ராக்டருக்கு நன்றாகத் தெரியும். பதினோரு மாதத்தில் ஆளை நிறுத்தி வேறு பேரில் மறுபடி எடுப்பதில் இந்தத் தொடர்ச்சியும் அறுந்துபோகிறது. அந்தப் பதினோரு மாத வித்தையை எதிர்த்து ஒரு வழக்கு, ஒரு மறியல். கான்ட்ராக்டரிடம் பேசும்போது கூலி உயர்வோடு மூன்று விஷயம் சேர்த்துக் கேட்கலாம்: மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தாமத ஷிப்ட்; ஒருநாள் வராதவரை மறுநாள் சேர்த்துக்கொள்வது; பெண்களின் இடுப்பைத் தடவுகிற சோதனையை நிறுத்துவது. மூன்றுக்கும் கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. அவன் மறுத்தால் ஏன் மறுக்கிறான் என்று அந்த நாற்பது பேருக்கும் விளங்கிவிடும்.

மேலே சொன்ன தம்பி இப்போது ஒரு தோழரின் தண்ணீர் கேன் வண்டியில் போகிறான். திறந்த வண்டி, காற்று வரும். நடுவில் இரண்டு தடவை குடித்துவிட்டுப் படுத்துவிட்டான். தோழர் திட்டவில்லை, மறுநாள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, "லோடு நிக்குது, வா" என்று கூப்பிட்டார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருதரம் கூடப் போவதும் அவர்தான். அவருக்கு அன்றைய வரும்படி நட்டம். அதைச் சங்கக் கணக்கிலிருந்து கொடுக்கலாமா என்று போன கூட்டத்தில் கேட்டதற்கு ஒருவர் எழுந்து, "குடிகாரனுக்கெல்லாம் சங்கப் பணமா?" என்றார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது.